பழைய லென்ஸுக்குப் புதிய பிடி

கொழும்பில் பல வீடுகளின் அலுமாரிகளில் ஒரு பிலிம் கமரா இன்னும் இருக்கிறது. வீட்டுப் பெரியவர் ஒருவர் வெளிநாட்டில் தொழில் செய்த காலத்தில் வாங்கி வந்ததாக இருக்கும். பெருநாள் படங்கள், கல்யாணப் படங்கள், பிள்ளைகள் முதன்முதலாகப் பாடசாலைக்குப் போன நாளின் படங்கள் எல்லாம் அதிலேயே எடுக்கப்பட்டிருக்கும். இன்று அதைக் கையில் எடுத்தால் முதலில் விரலில் படுவது லென்ஸைச் சுற்றியுள்ள இறப்பர் பட்டைதான். அது வெள்ளை பூத்திருக்கும், அல்லது தளர்ந்து தனியாகச் சுழலும், அல்லது பிசுபிசுவென்று கையில் ஒட்டும். உடனே "இது பழுதாப் போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். அடுத்த முறை போத்தல், பழைய கடதாசி வாங்குபவர் வரும்போது கமராவும் அவரது சாக்குக்குள் போய்விடுகிறது.

இந்த முடிவு பல வேளைகளில் பிழையானது. பழுதாகியிருப்பது பிடி மட்டுமே. உள்ளே இருக்கும் கண்ணாடி நாற்பது வருடங்களுக்கு முன்னர் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கக்கூடும். அந்தப் பிடியை ஒரு பிற்பகல் நேரத்தில், சில நூறு ரூபா செலவில், வீட்டு மேசையில் வைத்தே மாற்றலாம். அதற்கு வேண்டியது நாம் வகுப்பில் படித்த கொஞ்சம் இரசாயனவியலும், கொஞ்சம் கணிதமும், நிறையப் பொறுமையும்தான்.

பிடி எதற்கு?

கமராவின் முன்னால் உள்ள குழாய் முழுவதையும் நாம் லென்ஸ் என்கிறோம். உண்மையில் அந்தக் குழாய்க்குள் பல கண்ணாடி வில்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கின்றன. படத்தை உருவாக்குவது அந்த வில்லைகளின் ஊடாக வரும் ஒளி. பஸ்றாவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைதம் 11 ஆம் நூற்றாண்டில் ஒளியியல் பற்றி எழுதியபோது, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை ஏற்படுகிறது என்று விளக்கினார். இருட்டறையின் சிறு துவாரத்தின் வழியே ஒளி வரும் விதத்தையும் அவர் சோதித்துப் பார்த்தார். கமராவும் அப்படியான ஓர் இருட்டறைதான். அந்த வகையில் பார்த்தால் வெளியே சுற்றியிருக்கும் இறப்பருக்கும் படத்துக்கும் நேரடியான தொடர்பு எதுவும் இல்லை.

ஆனால் மறைமுகமான தொடர்பு உண்டு. பழைய லென்ஸ்கள் தாமாகக் குவியம் தேடுவதில்லை. நாம்தான் வளையத்தைத் திருப்பி வில்லைகளை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள ஒரு லென்ஸின் துவாரத்தை f/1.8 அளவுக்குத் திறந்து, 1 மீற்றர் தூரத்தில் இருப்பவரைப் படம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் மட்டுமே. கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். இவ்வளவு நுட்பமான வேலையைச் செய்யும் விரலுக்கும் வளையத்துக்கும் இடையில் இறப்பர் வழுக்கினால், விரல் திரும்பும், வளையம் திரும்பாது. படம் மங்கியதற்குக் கண்ணாடியைக் குறை சொல்வோம்.

எல்லாக் காலத்திலும் பிடி இறப்பராக இருக்கவில்லை. ஜேர்மனியின் லைக்கா கமரா 1925 இல் அறிமுகமானபோது அதன் லென்ஸ் உலோகத்தால் ஆனது. உடலை மட்டும் வல்கனைற்று எனப்படும் கடின இறப்பர் மூடியிருந்தது. எமது நாட்டின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) லைக்கா கமராவையும் பாவித்தவர். அந்தக் கமராவைத் தயாரித்த ஏர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தின் அழைப்பின் பேரில் 1938 இல் லண்டனில் அவரது படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. கொழும்பு 7 இல் உள்ள அரங்கு அவரது பெயரையே தாங்கி நிற்கிறது.

அக்கால லென்ஸ்களில் உலோக வளையத்திலேயே பற்கள் வெட்டப்பட்டிருந்தன. 1970களில் நிகோன், பென்டக்ஸ், மினோல்டா போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் அந்த உலோகப் பற்களுக்குப் பதிலாக, அச்சில் வார்த்த இறப்பர் பட்டையைப் போடத் தொடங்கின. குளிரிலும் வியர்வையிலும் இறப்பர் கைக்கு இதமாக இருந்தது. எங்கள் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இந்தக் காலத்து லென்ஸ்கள். அதனால்தான் எல்லா வீடுகளிலும் நோயும் ஒன்றாகவே இருக்கிறது.

இறப்பர் ஏன் பழுதாகிறது?

இறப்பரின் கதையில் இலங்கைக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. 1876 இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகள் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே முளைத்தவற்றில் 1,900 இற்கும் மேற்பட்ட நாற்றுகள் அதே வருடம் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களின் தொடக்கம் அங்கேதான்.

மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் இறப்பர் அப்படியே பாவனைக்கு உதவாது. வெயிலில் உருகும், குளிரில் வெடிக்கும். 1839 இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் அதனுடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்பதைக் கண்டறிந்தார். இதையே இரசாயனவியல் பாடத்தில் வல்கனைசுப்படுத்தல் என்று படிக்கிறோம். இறப்பர் ஒரு பல்பகுதியம். அதன் நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணையாமல் கிடக்கும். கந்தகம் அவற்றுக்கிடையே பாலம் போடுகிறது. அதனால் இழுத்துவிட்டாலும் இறப்பர் பழைய வடிவத்துக்கு வருகிறது.

பழுதாகும்போது நடப்பதும் இந்தச் சங்கிலிகளிலேயே. மூன்று அறிகுறிகளுக்கும் மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது வெள்ளை பூத்தல். இதைப் பலர் பங்கசு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது பங்கசு அல்ல. இறப்பரில் கலக்கப்பட்ட மெழுகும், மிகுதிக் கந்தகமும், வேறு சேர்மானங்களும் மெதுவாக மேற்பரப்புக்கு வந்து படிவதே அந்த வெள்ளை. இறப்பரின் வலிமை இன்னும் போகவில்லை.

இரண்டாவது தளர்ச்சி. பிடி எப்போதும் சற்று இழுபட்ட நிலையிலேயே வளையத்தைக் கவ்வியிருக்கிறது. வருடக்கணக்கில் இழுபட்டே இருக்கும் இறப்பர் மெல்ல மெல்லத் தன் பழைய அளவை மறந்துவிடுகிறது. கையில் உள்ள எண்ணெய்த்தன்மையை உறிஞ்சி வீங்கவும் செய்கிறது. காற்றில் உள்ள ஓசோன், இழுபட்ட இறப்பரின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்குவதால் வெடிப்புகளும் விழுகின்றன.

மூன்றாவது பிசுபிசுப்பு. சங்கிலிகள் அறுந்து சிறு துண்டுகளாகும்போது இறப்பர் பசையாகிறது. 1990களுக்குப் பின் வந்த சில கருவிகளில் பூசப்பட்ட மென்மையான பொலியூரித்தேன் பூச்சை, காற்றின் ஈரப்பதனே நீர்ப்பகுப்படையச் செய்து ஒட்டும் நிலைக்குக் கொண்டுவருகிறது. வெள்ளவத்தை போலக் கடலை ஒட்டிய இடங்களில் இது விரைவாக நடப்பதில் வியப்பில்லை.

இதிலிருந்து ஒன்று புரியும். எல்லாப் பிடிகளையும் மாற்ற வேண்டியதில்லை. வெள்ளை மட்டும் என்றால் கழுவினால் போதும். சற்றுத் தளர்ந்திருந்தால் உள்ளே மெல்லிய நாடா ஒன்று சுற்றிப் பழைய பிடியையே போடலாம். வெடித்ததையும் பசையானதையுமே மாற்ற வேண்டும்.

தொடங்குவதற்கு முன்

பிடியை மாற்றுவதற்கு முன் அந்த லென்ஸ் அந்தச் சிரமத்துக்கு உரியதா என்று பார்க்க வேண்டும். லென்ஸைக் கமராவிலிருந்து கழற்றி, துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டோர்ச் வெளிச்சத்தைச் செலுத்தி முன்பக்கம் சற்றுச் சரிவாகப் பாருங்கள். சில தூசுத் துணிக்கைகள் தெரிந்தால் கவலை வேண்டாம். அவை படத்தில் விழாது. சிலந்தி வலை போலக் கிளைவிட்டுப் படர்ந்த நூல்கள் தெரிந்தால் அதுதான் பங்கசு. அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். அதைத் திறந்து துப்புரவு செய்வது பழக்கமுள்ள திருத்துநரின் வேலை.

அடுத்ததாகத் துவாரத்தின் இதழ்கள் தடையின்றித் திறந்து மூடுகின்றனவா, அவற்றில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். குவிய வளையம் இரு பக்கமும் சீராகத் திரும்ப வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தால் தொடங்கலாம்.

கழற்றுதல்

லென்ஸின் இரு முனைகளிலும் மூடிகளைப் போட்டுவிடுங்கள். வேலை முடியும்வரை அவை திறக்கப்படக்கூடாது. மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தால் சிறு பொருள் எதுவும் உருண்டு போகாது. பிடியின் தற்போதைய தோற்றத்தைக் கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிடியின் விளிம்பைத் தூக்குவதற்குக் கத்தியோ திருகாணிச் செலுத்தியோ வேண்டாம். ஐஸ்கிறீம் குச்சியின் நுனியைச் சீவித் தட்டையாக்கினால் அதுவே போதும். விளிம்பின் கீழ் குச்சியை நுழைத்து, வளையத்தைச் சுற்றி மெதுவாக நகர்த்தினால் பிடி விடுபடும். பிறகு முன்பக்கமாக உருட்டிக் கழற்றலாம். பசையாகிப்போன பிடியாக இருந்தால் துண்டு துண்டாகத்தான் வரும். மிகுதியைப் பாமசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அற்ககோலைப் பஞ்சில் தொட்டுத் துடைக்க வேண்டும். பஞ்சில் தொடுவதே போதும், லென்ஸின் மேல் ஊற்றக்கூடாது. நகப்பூச்சு அகற்றும் அசெற்றோனைத் தொடவே வேண்டாம். அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும், வளையத்தில் எழுதப்பட்ட இலக்கங்களையும் அழித்துவிடும்.

பிடி கழன்றதும் கீழே மெல்லிய நாடாவோ, சிறு திருகாணிகளோ தெரியக்கூடும். இங்கேதான் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். பல லென்ஸ்களில் அந்தத் திருகாணிகளே முடிவிலித் தூரத்தின் குவியத்தைச் சரியான இடத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றைத் தளர்த்தினால் தூரத்துப் பொருள் எதுவும் தெளிவாக விழாது. அவற்றின் மேல் இருக்கும் நாடாவையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

அளத்தல்

உயர்தரப் பௌதிகவியலில் முதலில் செய்யும் செய்முறைகளில் ஒன்று வேணியர் இடுக்குமானியால் அளப்பது. அந்தப் பயிற்சி பயன்படும் இடம் இது. பிடி அமரும் வளையத்தின் விட்டத்தை மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். பள்ளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் அளவுங்கள். இடுக்குமானி இல்லாவிட்டால் ஒரு கடதாசிப் பட்டையை இறுக்கிச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் ஊசியால் குத்தி, பிரித்து அடிமட்டத்தால் அளக்கலாம்.

கொட்டாஞ்சேனையில் என் மாமாவிடம் இருந்த 50 மில்லிமீற்றர் லென்ஸுக்கு நான் இதைச் செய்தபோது வளையத்தின் விட்டம் 60 மில்லிமீற்றர் என்று வந்தது. பையால் பெருக்கினால் சுற்றளவு 188.5 மில்லிமீற்றர். ஆனால் அதே நீளத்துக்கு எதையும் வெட்டக்கூடாது. பொருளைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

இழுபடும் இறப்பர் வளையமாக இருந்தால் அது சுற்றளவை விடச் சிறிதாக இருக்க வேண்டும். அப்போதுதான் கவ்விப் பிடிக்கும். 5 தொடக்கம் 10 சதவீதம் வரை குறைத்தால் போதும். எனது கணக்கில் அது 170 இற்கும் 179 இற்கும் இடைப்பட்ட அளவு. அதைவிடச் சிறியதைப் போட்டால் அதிகமாக இழுபட்டு விரைவில் வெடிக்கும்.

இழுபடாத தோல் பட்டையாக இருந்தால் மறுதலையாக, சற்று நீளம் கூட வேண்டும். தோலுக்குத் தடிப்பு இருக்கிறது. சுற்றும்போது அதன் உட்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் விரியும், நடுப்பகுதியே நீளம் மாறாமல் இருக்கும். ஆகவே விட்டத்துடன் தோலின் தடிப்பைக் கூட்டிப் பையால் பெருக்க வேண்டும். 1 மில்லிமீற்றர் தடிப்பான தோலுக்கு 61 ஐப் பையால் பெருக்க 191.6 மில்லிமீற்றர் வரும். 188.5 என்று வெட்டியிருந்தால் 3 மில்லிமீற்றர் இடைவெளி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

எதனால் செய்யலாம்?

மிகச் சிறந்தது அதே லென்ஸின் அசல் பிடி. பழைய மாதிரிகளுக்கு அது கிடைப்பது அரிது. அதே மாதிரியில் கண்ணாடி பழுதான இன்னொரு லென்ஸ் கிடைத்தால் அதன் பிடியைக் கழற்றிப் போடலாம். அப்படிக் கிடைக்காதபோது இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று வாகன டியூப். டியூப்கள் பெரும்பாலும் பியூற்றைல் இறப்பரால் செய்யப்படுகின்றன. அந்த வகை இறப்பரில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. அதனால் ஓசோன் அதை எளிதில் தாக்குவதில்லை. டியூப்பைத் தட்டையாக வைத்து அளக்கும் அகலம், வளையத்தின் சுற்றளவில் பாதி. எனது லென்ஸுக்கு 85 தொடக்கம் 90 மில்லிமீற்றர் வரை அகலமுள்ள டியூப் வேண்டியிருந்தது. சாதாரண சைக்கிள் டியூப் இதற்கு ஒடுக்கமானது. டயர் ஒட்டும் கடையில் மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி டியூப்களைத் தட்டையாக்கி அளந்து பார்த்து எடுக்கலாம். எறியப்போகும் டியூப்பில் ஒரு சாண் துண்டு கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

மற்றது மெல்லிய தோல். கொட்டாஞ்சேனையில் வீதியோரமாகச் சப்பாத்துத் தைக்கும் ஒருவரிடம் லென்ஸைக் காட்டிக் கேட்டபோது, அவர் அதை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மகள், மாட்டுத் தோல் இதுக்குத் தடிப்பு. ஆட்டுத் தோல் தேடுங்க. ஓரத்த உள்பக்கமாச் சீவினாத்தான் ஒட்டு வெளிய தெரியாது" என்றார். சீவிக் காட்டவும் செய்தார். பிளேட்டைப் படுக்கவைத்து, தோலின் உட்பக்கத்தைக் கடதாசி போல மெலிதாக்குவது அவருக்கு ஒரு நிமிட வேலை.

தோல் வாங்கும்போது நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் இருக்கிறது. சப்பாத்து உள்ளுறைகளுக்குப் பன்றித் தோலும் பாவிக்கப்படுவதுண்டு. அதன் மேற்பரப்பில் மயிர்த்துளைகள் மும்மூன்றாகச் சிறு முக்கோணம் போலச் சேர்ந்திருக்கும். கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு வாங்குவது நல்லது. சந்தேகம் இருந்தால் ரெக்சினைப் பாவிக்கலாம். வேலை ஒன்றுதான்.

எதை எடுத்தாலும் அதன் தடிப்பு பள்ளத்தின் ஆழத்தைவிட அதிகம் மேலெழக்கூடாது. மேலெழுந்தால் பக்கத்தில் உள்ள துவார வளையத்தில் உரசும்.

பொருத்துதல்

டியூப்பாக இருந்தால், அதன் உள்ளே ஒரு தட்டையான மட்டையை நுழைத்து, பள்ளத்தின் அகலத்துக்கு இரு கோடுகள் போட்டு, புதிய பிளேட்டால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைத் தூளைச் சவர்க்கார நீரில் நன்றாகக் கழுவி நிழலில் உலரவிடுங்கள். அந்தத் தூள் ஒரு துளி லென்ஸுக்குள் போனாலும் தொல்லைதான். பிறகு வளையத்தை அற்ககோலால் சற்று நனைத்தால் இறப்பர் இலகுவாக வழுக்கிப் போகும். அற்ககோல் ஆவியாகியதும் கவ்விக்கொள்ளும். தேங்காய் எண்ணெயோ வேறு எண்ணெயோ போடக்கூடாது. எண்ணெய் இறப்பரை வீங்கவைக்கும் என்று மேலே பார்த்தோம். ஒருவர் லென்ஸைப் பிடிக்க, மற்றவர் இரு பெருவிரல்களாலும் இறப்பரை உருட்டி ஏற்றுவது சுலபம்.

தோலாக இருந்தால், முதலில் கடதாசியில் ஒரு மாதிரி வெட்டிப் பொருத்திப் பார்த்து, அது சரியாக அமர்ந்த பிறகே தோலை வெட்ட வேண்டும். இரு முனைகளையும் நேராக வெட்டாமல் சற்றுச் சரிவாக வெட்டினால் ஒட்டு கண்ணில் படாது. ஒட்டுவதற்கு இருபக்கமும் ஒட்டும் மெல்லிய நாடாவே போதும். விரைவுப் பசை, அதாவது சுப்பர் குளு, கூடாது. அதன் ஆவி கண்ணாடியிலும் கறுப்பு உலோகத்திலும் வெள்ளைப் படலமாகப் படியும். பிற்காலத்தில் வேறொருவர் அதைக் கழற்றவும் முடியாது. ஒட்டு வரும் இடம் லென்ஸின் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். தூர இலக்கங்களை எந்த இடத்திலும் மறைக்கக்கூடாது.

முடிந்ததும் ஒரு நாள் விட்டுவிட்டுச் சோதியுங்கள். வளையத்தை இறுதி முதல் இறுதி வரை திருப்பும்போது பிடி நகரக்கூடாது. பக்கத்து வளையம் கூடவே இழுபடக்கூடாது. பின்னர் வெள்ளவத்தைக் கடற்கரை போன்ற திறந்த இடத்தில் நின்று, முடிவிலிக் குறியில் வைத்துத் தொடுவானத்தைப் பாருங்கள். கோடு கூர்மையாகத் தெரிந்தால் உள்ளே எதுவும் அசையவில்லை என்று அர்த்தம்.

கழற்றிய பழைய பிடியை எறியாதீர்கள். பசையாகாததாக இருந்தால் ஓர் உறையில் இட்டு, லென்ஸின் பெயரையும் திகதியையும் எழுதி வைத்துவிடுங்கள். பழைய பொருளைச் சேகரிப்பவர்கள் அசல் பகுதிகளுக்கு மதிப்பளிப்பார்கள். அடுத்த முறை அளவு எடுக்கவும் அது உதவும்.

ஈரப்பதனிலிருந்து காத்தல்

பிடி புதியதானாலும் கொழும்பின் காற்று மாறப்போவதில்லை. லென்ஸைத் தோல் உறைக்குள் மூடி அலுமாரியில் வைப்பதே பங்கசுக்கு நாம் கொடுக்கும் அழைப்பு. தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல்லாக இருந்தால் எப்போது உலர்த்த வேண்டும் என்று அதுவே காட்டும். மாதம் ஒரு முறையாவது வெளியே எடுத்து வளையங்களைத் திருப்புங்கள். வெயில் நேரே படும் யன்னலோரத்தில் மட்டும் வைக்க வேண்டாம். வெயில் இறப்பரின் ஆயுளைக் குறைக்கும்.

இந்தச் சிரமம் எதற்கு?

"பிலிமே கிடைக்காத காலத்தில் இது எதற்கு?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய லென்ஸ் பிலிமுக்கு மட்டும் உரியதல்ல. உட்கண்ணாடி இல்லாத இன்றைய டிஜிட்டல் கமராக்களில் லென்ஸ் பூட்டும் இடத்துக்கும் உணரிக்கும் இடையிலான தூரம் குறைவு. பழைய நிகோன் லென்ஸுக்கு 46.5 மில்லிமீற்றர் தூரம் தேவை. சோனியின் இ வகைக் கமராவில் இருப்பதோ 18 மில்லிமீற்றர். மீதி 28.5 மில்லிமீற்றரை ஓர் அடப்டர் வளையம் நிரப்பிவிடுகிறது. அதற்குள் கண்ணாடி எதுவும் இல்லாததால் விலையும் குறைவு. அந்த வளையத்துடன் 1980 இன் லென்ஸ் இன்றைய கமராவில் படம் எடுக்கும்.

2022 இல் ஒரு டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் போனதை நாம் மறக்கவில்லை. இறக்குமதியாகும் ஒவ்வொரு லென்ஸின் விலையும் அதனுடன் ஏறியது. அதே காலத்தில் எமது கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குள் படம் எடுக்கப் பெண் புகைப்படக் கலைஞர்களையே பலரும் தேடுகிறார்கள். அந்தத் தொழிலைக் கற்க விரும்பும் ஒரு மாணவிக்கு முதல் தடையாக நிற்பது திறமை அல்ல, கருவியின் விலை. அவளுக்குத் தேவையான லென்ஸ் அவளது வீட்டிலேயே இருக்கலாம். ஒரு தளர்ந்த இறப்பர் பட்டையைப் பார்த்து அதைப் போத்தல்காரரிடம் கொடுத்துவிட்டால், அவள் கற்கக்கூடிய ஒரு தொழிலையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம்.

வீண்விரயம் கூடாது என்பது எமக்குச் சிறுவயதிலேயே கற்பிக்கப்பட்டது. சோற்றுக்கும் தண்ணீருக்கும் அதை நினைவில் வைத்திருக்கிறோம். கருவிகளுக்கு மறந்துவிடுகிறோம். ஒரு பொருளில் எது உயிரான பகுதி, எது தேய்ந்து மாறவேண்டிய பகுதி என்று பிரித்தறியக் கற்றுக்கொண்டால் இந்தப் பழக்கம் தானாக வரும். மாற்றக்கூடியதைத் துணிந்து மாற்றுவோம். தொடக்கூடாத திருகாணியைத் தொடாமல் விடுவோம்.

வீட்டில் ஒரு பழைய லென்ஸ் இருந்தால் இந்த விடுமுறையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே கண்ணாடி தெளிவாக இருந்தால் ஒரு கடதாசிப் பட்டையும் ஊசியும் எடுத்துக்கொண்டு அளக்கத் தொடங்கலாம்.